குழுக்கடனும் தண்டலும் வாங்கி மாட்டிக்கொண்டவர்களின் கடனை அரசாங்கம் தீர்க்க வேண்டுமா?

கெடிலக்கரை:

வணக்கம். நான் கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுனில்) இருக்கிறேன். இங்கே விவரம் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் மனசில் கிடந்து உறுத்துகிற ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்.

2021 தேர்தல் முடிந்ததும் கூட்டுறவில் ஐந்து பவுனுக்குள் வைத்த நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள் அல்லவா, எங்கள் வீட்டுக்கும் அது கிடைத்தது. மூன்று பவுன் சங்கிலி ஒரு பைசா கட்டாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் மீன் கொண்டுபோய் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பக்கம் வீடு வீடாக விற்பவர். அவரிடம் அடகு வைக்கக் குண்டுமணித் தங்கம் கிடையாது. தங்கம் இல்லாததால் சொசைட்டியில் கடன் இல்லை, அங்கே கடன் இல்லாததால் தள்ளுபடியும் இல்லை. அவருக்கு இருப்பதெல்லாம் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கம்பெனியில் வாங்குகிற குழுக்கடனும், தினம் தினம் கட்டுகிற தண்டலும்தான்.

முதல் குழுக்கடன் மகளின் நர்சிங் படிப்புக்கு வாங்கியது. இரண்டாவது, ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஐஸ் பெட்டி, பாத்திரம், அரிசி எல்லாம் போனபோது. மூன்றாவது, முதல் இரண்டையும் கட்ட. நாற்பதாயிரம் வாங்கினால் வாரம் 870 வீதம் 52 வாரம், மூன்றுக்கும் சேர்த்து வாரத்துக்கு 2,600க்கு மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஏலத்துக்கு மீனும் வராது, ஆனால் குழுவைக் கூட்டித் தவணை வாங்குகிற செவ்வாய்க்கிழமை சென்டர் மீட்டிங் மட்டும் தவறாது. ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்ற பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதால் வசூலுக்கு வருகிறவர் அதிகம் பேசக்கூடத் தேவையில்லை, பக்கத்து வீட்டுப் பெண்களே வந்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். போன மாதம் ராத்திரி எட்டு மணிக்கு அப்படி உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். உள்ளே விளக்கை அணைத்துவிட்டுச் சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததாக மறுநாள் அந்த அக்கா சொன்னார்.

என் கேள்வி இதுதான். இந்த மாதிரி ஆட்களின் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டுமா, கூடாதா? செய்யலாம் என்றால் எப்படி? என் வீட்டுக்காரர், "வாங்கினவங்க கட்டத்தான் வேணும், எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணா நாளைக்கு எவன் கடன் கொடுப்பான்" என்கிறார். அவர் சொல்வது நியாயமாகவும் படுகிறது, எங்கள் சங்கிலி மட்டும் எந்தக் கணக்கில் திரும்பி வந்தது என்றும் தோன்றுகிறது.


பழைய செயலாளர்:

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். பண்ருட்டி வட்டாரத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1990ல் வி.பி. சிங் அரசு பத்தாயிரம் ரூபாய் வரை தள்ளுபடி செய்தபோது வேலைக்குப் புதிது. அப்புறம் 2006ல் கலைஞர் பதவி ஏற்ற மேடையிலேயே கையெழுத்துப் போட்ட கூட்டுறவுக் கடன் தள்ளுபடி 6,866 கோடி, 2008ல் சிதம்பரம் பட்ஜெட்டில் சொன்ன மத்திய அரசுத் தள்ளுபடி, 2016ல் ஜெயலலிதா அறிவித்த 5,780 கோடி, 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அறிவித்த 12,110 கோடி, பிறகு நீங்கள் சொன்ன நகைக்கடன். எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதியிருக்கிறேன்.

தேர்தல் பேச்சு கிளம்பியதும் வசூல் படுத்துவிடும். கையில் பணம் இருப்பவர்கூட, "இப்ப கட்டினா நாமதான் ஏமாளி" என்று காத்திருப்பார். தமிழ்நாட்டில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, அதற்காகவே நாள் தவறாமல் கட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படிக் கட்டுகிற ஒரு அம்மா, தள்ளுபடிப் பட்டியலைச் சங்கத்து பலகையில் ஒட்டிய அன்று வந்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் பார்த்தார், எழுத்துக்கூட்டிப் படிப்பவர், நேரம் ஆனது. அவர் பெயர் இல்லை. கெடு தேதிக்கு முன்னால் எருமையை விற்றுக் கட்டியவர் அவர். "நான் கட்டினது தப்பா சார்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? அடுத்த வருஷம் அவர் கட்ட வரவில்லை. நானும் நோட்டீஸ் அனுப்புவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

இன்னொன்றும் வெளியே தெரியாது. தள்ளுபடி என்று அறிவித்த அன்றே அரசு முழுப் பணத்தையும் சங்கத்துக்குக் கொடுத்துவிடாது, தவணை தவணையாக வரும். அதுவரை சங்கத்தின் கை இறுகிப்போகும், அடுத்த பட்டத்துக்குப் புதுக்கடன் கேட்டு வருகிறவர் அலைய வேண்டியதுதான். 2008 தள்ளுபடியைத் தணிக்கை செய்து 2013ல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற சி.ஏ.ஜி. கொடுத்த அறிக்கையைப் பாருங்கள், தகுதி இல்லாதவர்களுக்குப் போனதும் தகுதி உள்ளவர்கள் விடுபட்டதும் அதிலேயே இருக்கிறது. நகைக்கடன் தள்ளுபடியிலும் மொத்தம் 48 லட்சம் கடனுக்கு மேல் ஆராய்ந்து, 35 லட்சத்துக்குத் தகுதி இல்லை என்று வைத்தார்கள்.

ஆனால் இயற்கைச் சீற்றம் வந்தால் என் நிலை வேறு. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் நடக்கவே முடியாது, மரத்துக்கு மேல் மரம். தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்து கிடந்தது. முந்திரிக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வரவே மூன்று நாலு வருஷம், பலாவுக்கு அதைவிட அதிகம். பயிர்க்கடனின் கெடுவோ ஒரு வருஷம். தவணையைத் தள்ளிப் போட்டு மத்தியகாலக் கடனாக மாற்றினோம், வட்டி மட்டும் நிற்காமல் ஏறியது. மரமே இல்லாதவனிடம் அந்த மரத்துக்கு வட்டி கேட்பது கொடுமை என்று அன்றைக்கும் சொன்னேன். புயல், வெள்ளம் என்று அரசு அறிவிக்கிற பகுதியில் எல்லாக் கடனுக்கும் அன்றிலிருந்து வட்டி நிற்க வேண்டும், யாரும் மனு கொடுக்காமலே நிற்க வேண்டும். அதற்கு மேல் பொதுத் தள்ளுபடி வேண்டாம் என்பதுதான் என் கருத்து.


பாகூர் ஏரிக்கரை:

ஐயா, எருமை விற்றுக் கட்டிய அம்மாவுக்கு நடந்தது அநியாயம்தான். அந்த அநியாயத்துக்குத் தீர்வு, கட்டியவர்களுக்கும் ஏதாவது கொடுப்பது. கட்ட முடியாதவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படித் தீர்வு ஆகும்?

"வாங்கினவன் கட்ட வேண்டும்" என்கிற நியாயம் யார் யாருக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். 2014-15 தொடங்கிப் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16 லட்சம் கோடிக்கு மேல் வராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியிருப்பதாக அரசே நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. அதில் பெரும் கம்பெனிக் கடன் எவ்வளவு, என்ன ஆனது என்று எவரும் வாசலில் உட்கார்ந்து கேட்டார்களா? கம்பெனி நொடித்தால் தீர்ப்பாயம், தீர்வுத் திட்டம், கடன் கொடுத்தவர்கள் பாதிக்கும் மேல் விட்டுக்கொடுத்து வேறொருவர் கைக்கு மாற்றுவது, எல்லாம் சட்டப்படி மரியாதையாக நடக்கிறது. மீன் விற்கிற அக்கா நொடித்தால் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் ஆள்.

எங்கள் அப்பா புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளி. மில் ஓடியும் ஓடாமலும் சம்பளம் பாதி, அப்புறம் அதுவும் இல்லை, கடைசியில் மூடியே விட்டார்கள். அந்த இடைவெளியில்தான் எங்கள் வீட்டுக்குள் கடன் நுழைந்தது. மாதச் சம்பளத்தை நம்பி வாங்கிய சீட்டுக்கடன், பலசரக்குக் கடை பாக்கி, தங்கைக்கு ஸ்கூல் பீஸ், அம்மாவின் ஆபரேஷனுக்கு நூற்றுக்கு பத்து வட்டி. ஆடம்பரத்துக்கு வாங்கியது ஒரு ரூபாய் கிடையாது. சம்பளம் ஒழுங்காக வந்திருந்தால் அந்தக் கடனே இல்லை. சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டவர்களுக்கு இதில் பொறுப்பு கிடையாதா, வாங்கின எங்களுக்கு மட்டும்தான் பொறுப்பா?

2020ல் கொரோனா வந்தபோது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், இரண்டு கோடி வரை வாங்கியவர்களுக்கு வட்டிமேல் வட்டியை அரசே கணக்கில் போட்டது, 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் யாரிடமும் அந்த வட்டிமேல் வட்டி வாங்கக் கூடாது என்றது. வீட்டுக்கடன், கார் கடன், கிரெடிட் கார்டு வரைக்கும் கிடைத்தது. தண்டல் வாங்கியவனுக்கு? பூட்டிக் கிடந்த கடைக்கும் தினம் நூறு ரூபாய் கேட்டு போன் வந்தது. ஆக, அரசாங்கம் கடனில் கை வைக்கலாம், வைத்திருக்கிறது. ஏழைக்கு என்றால் மட்டும் ஒழுக்கம் கெட்டுவிடும் என்கிறார்கள். தள்ளுபடி செய்யத்தான் வேண்டும்.


பழைய செயலாளர்:

தம்பி, கோபம் புரிகிறது. ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கணக்கிலிருந்து நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு. நீக்கிய பிறகும் கடன்காரரிடம் வசூலிக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. திரும்பி வருவது கொஞ்சம்தான் என்று நீங்கள் கேட்டால் அதற்கு மறுப்பு சொல்ல மாட்டேன்.


மஞ்சக்குப்பம் வக்கீல்:

கடலூர் கோர்ட்டில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். பணத்தை அரசு கொடுத்துத் தீர்க்கிற தள்ளுபடி ஒன்றைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வேறொரு வழியும் உண்டு, நம் ஜில்லாவிலேயே நடந்திருக்கிறது.

1938ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்) இருந்தபோது சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து, வட்டி ஏறி, நிலம் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அந்தச் சட்டம் கஜானாவிலிருந்து யாருக்கும் பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடனுக்கு 1937 அக்டோபர் 1 அன்று பாக்கி நின்ற வட்டி முழுக்கக் கழிந்தது. வாங்கிய அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்துவிட்டது என்று வைத்தார்கள். தென்னாற்காடு ஜில்லா முழுக்க அது செல்லும். பாகூர் நண்பரின் ஊர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அங்கே செல்லாது. வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்த குடியானவர் எழுந்து நின்றார், அந்தப் பக்கம் இருந்தவருக்குச் சட்டம் எட்டவில்லை. கடன் கொடுத்தவர்கள் அப்போதும் "இனி எவன் கொடுப்பான்" என்றுதான் கேட்டார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அதற்காகச் சட்டம் நிற்கவில்லை.

இந்த "இரண்டு மடங்குக்கு மேல் இல்லை" என்பது நம் நாட்டில் பழைய வழக்கம். தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குகிறார்கள். அசல் தினம் தினம் குறைந்துகொண்டே வருவதால் வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். நூறு நாள் முடிவதற்குள் இரண்டு தவணை நின்றால் பாக்கியைச் சேர்த்துப் புதுத் தண்டல் போடுவார்கள், மறுபடியும் முன்பணம் பிடிப்பார்கள். மூன்று வருஷம் கழித்துக் கணக்கு எழுதிப் பார்த்தால் வாங்கிய அசலைப்போல் மூன்று நாலு மடங்கு கட்டியிருப்பார்கள், கடன் மட்டும் அப்படியே நிற்கும். இந்த மாதிரிக் கணக்கை என் மேஜையில் எத்தனையோ பேருக்கு எழுதிக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொருவரும் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள், அதற்கு முன் யாரும் அவர்களுக்குக் கூட்டிக் காட்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2003லேயே அதிக வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது, மூன்று வருஷம் வரை சிறை. ஆனால் புகார் கொடுக்கிறவர் கையில் ரசீது இருக்காது, கொடுத்தவர் கையில் வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து இருக்கும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்து இறந்தது, மனு மேல் மனு கொடுத்தவர்கள் அவர்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது, அவர்களுக்கு வந்து சேரவில்லை. 2025ல் வசூலில் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டமும் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. அதையும் போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கி எழுதுகிறவர் கையில் எடுத்தால்தான் பயன்.

பாகூர் நண்பர் கம்பெனிக்குக் கிடைக்கிற மரியாதை ஏழைக்கு ஏன் இல்லை என்று கேட்டார். அதே 2016 திவால் சட்டத்தில் ஏழைக்கும் ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். வருஷ வருமானம் 60,000க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு இல்லை என்றால் மனுப் போட்டு அந்தக் கடனிலிருந்து விடுதலை வாங்கலாம் என்று. கம்பெனிகளுக்கான பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. தனி நபருக்கான பகுதியில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். சாதாரண ஆளுக்கு உரியது இன்றும் திறக்கவில்லை. அவருக்கு இருப்பது வெள்ளைக்காரன் காலத்து 1920 சட்டம், ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்களே, அது. அதற்கு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், பேரும் கெடும், அதனால் கூலி வேலை செய்கிறவர் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. குரோஷியா 2015ல் வங்கிகள், போன் கம்பெனிகள், நகராட்சிகளோடு பேசி ஒப்பந்தம் போட்டு, சேமிப்போ சொத்தோ இல்லாத பரம ஏழைகளின் 35,000 குனா (அப்போது அந்த நாட்டு நாணயம்) வரையிலான கடனை அழித்தது. அரசு அதற்கு ஈடாகப் பணம் கொடுக்கவில்லை. யாரிடம் கடன் வாங்கினாய் என்பதைவிட உன்னால் கட்ட முடியுமா என்பதைப் பார்த்தார்கள். கெடிலக்கரை சகோதரி கேட்டதற்கு என் பதில் அதில்தான் இருக்கிறது. சங்கிலி உள்ளவருக்குத் தள்ளுபடி, இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை என்று ஆனதற்குக் காரணம் கடன் கொடுத்த இடத்தை வைத்துப் பட்டியல் போட்டது. கடன்பட்டவரின் நிலைமையை வைத்து, தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரும் எந்த நாளும் போய்க் கேட்டு வாங்கக்கூடிய உரிமையாக அது இருக்க வேண்டும். அப்படி இருந்தால் செயலாளர் ஐயா சொன்ன காத்திருப்பும் இருக்காது, அறிவிப்பு வரும் என்று யாரும் தவணையை நிறுத்த மாட்டார்கள்.


கெடிலக்கரை:

மேடம், இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. இரண்டு சந்தேகம். அந்தக் குழுக்கடன் கம்பெனிகள் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்தவை என்கிறார்கள், அவற்றுக்கு 2003 சட்டம் செல்லுமா? அப்புறம், 35,000க்குள் என்றால் எங்கள் அக்காவுக்கே ஒரு லட்சத்துக்கு மேல் நிற்கிறது, அந்தப் பகுதியைத் திறந்துவிட்டாலும் அவர் உள்ளே வர முடியாதே?


மஞ்சக்குப்பம் வக்கீல்:

இரண்டாவது சரியான கேள்வி. அந்தத் தொகைகள் 2016ல் எழுதியவை, இன்றைக்கு ஒரு குழுக்கடனே அதைத் தாண்டும். திறக்கும்போது உயர்த்தியே ஆக வேண்டும்.

முதல் கேள்விக்கு: 2022 மே மாதம் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித்தொழில் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே அவற்றின் வட்டியைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய இடம் ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும்தான். சென்னையிலோ புதுச்சேரியிலோ மேடையில் நின்று குழுக்கடனைத் தள்ளுபடி செய்வேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தை மாநிலக் கஜானாவிலிருந்து கம்பெனிக்குக் கட்டுவீர்களா என்று கேளுங்கள். 2021ல் தமிழ்நாட்டில் மகளிர் குழுக் கடன் 2,756 கோடி தள்ளுபடி என்று அறிவித்ததும் கூட்டுறவு நிறுவனங்களில் வாங்கியதுதான்.


வில்லியனூர்:

நான் குழுக்கடன் கொடுக்கிற ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் ஃபீல்டு ஆபீசராக இருந்தவன். கம்பெனி பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இப்படி. வருஷத்துக்கு மூன்று லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்குத்தான் இந்தக் கடன், எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டுவது குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, அடமானம் கேட்கக் கூடாது, வசூலுக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் மாலை ஆறு மணிக்குப் பின்னாலும் தொந்தரவு செய்யக் கூடாது. எழுத்தில் நல்ல விதிகள். நடப்பில் என்ன என்றால், வருமானம் எவ்வளவு என்ற கட்டத்தை நிரப்புவது என்னைப் போன்ற பையன்தான். மாதக் கடைசியில் டார்கெட் நிற்கும். ஒரு பெண்ணுக்கு மாத வருமானம் பன்னிரண்டாயிரம் என்று அவர் வாயால் சொன்னாலும், கடன் பொருந்த வேண்டும் என்றால் எவ்வளவு தேவையோ அதைப் போடு என்று மேலே இருந்து சொல்வார்கள். வருமானத்தை எவரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. அதே தெருவில் நாலு கம்பெனி, நாலு பேரும் அதே பெண்ணுக்கே கொடுப்போம், ஏனென்றால் அவர் இதுவரை ஒழுங்காகக் கட்டியவர். ஒழுங்காகக் கட்டுவதே அவருக்கு வினையாக முடிகிறது.

சென்டரில் ஐநூறு குறைந்தால் பிராஞ்சுக்குத் திரும்பி வராதே என்பார்கள். அதனால் குழுத் தலைவியைப் பிடித்து அழுத்துவோம், அவர் மற்றவர்களை அழுத்துவார், கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு வாசலில் போய் உட்காருவார்கள். ராத்திரி ஏழு மணி வரை நானும் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். விதியை மீறிக் கொடுத்த கடன் என்றால் அந்த நஷ்டம் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று அங்கே நின்றுகொண்டுதான் எனக்குப் புரிந்தது. குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டித் தவணை வரும் என்று தெரிந்தே நாலாவதாகக் கொடுத்தவன், அந்த நாலாவது கடனை இழக்கட்டும். அரசாங்கம் அதற்குப் பணம் கட்டக் கூடாது, கட்டினால் நாங்கள் போட்ட பொய் வருமானத்துக்கு அரசே பரிசு கொடுத்த மாதிரி ஆகும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. 2010 அக்டோபரில் ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பின் அவசரச் சட்டம் போட்டு வார வசூலை முடக்கினார்கள். வசூல் அடியோடு நின்றது, கம்பெனிகள் கொடுப்பதையும் நிறுத்தின. கொடுமைக்கு முடிவு வந்தது உண்மை. ஆனால் அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டவர்கள் மறுபடி ஊர் வட்டிக்காரர் வாசலுக்குத்தான் போனார்கள். அதனால் கடனைத் தீர்க்கிற அன்றே, அடுத்த ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கும் ஏற்பாடு வேண்டும். சொசைட்டியில் நகை இல்லாமல் ஐந்தாயிரம் பத்தாயிரம் கொடுக்க முடியுமா ஐயா?


பழைய செயலாளர்:

முடியும். நபர் ஜாமீன் பேரில் கொடுக்கிற வழி கூட்டுறவில் இருக்கிறது, தெருவில் மீன் விற்பவர், பூ விற்பவர்களுக்கு என்றே சிறுவணிகக் கடனும் உண்டு. கொடுக்கத்தான் பயப்படுவார்கள், நகை பெட்டியில் இருந்தால் செயலாளருக்குத் தூக்கம் வரும். வக்கீல் அம்மா சொன்ன இரண்டு மடங்கு வரம்பு வட்டிக்காரருக்குச் சரி. அதையே கூட்டுறவுக்கும் வைத்தால், பத்து வருஷம் கட்டாமல் இழுத்தடிக்கிற வசதியான ஆள்தான் முதலில் வந்து நிற்பார் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.


பாகூர் ஏரிக்கரை:

வசதியான ஆளுக்குப் பயந்து வசதி இல்லாதவரை விட வேண்டாம் ஐயா. வக்கீல் மேடம் சொன்ன உரிமை வரட்டும், வரவேற்கிறேன். அது வர எத்தனை வருஷம்? 2016ல் எழுதியதையே இன்னும் திறக்கவில்லை. அதுவரை தள்ளுபடி கேட்பதை நான் நிறுத்த மாட்டேன். ஃபெஞ்சலுக்குப் புதுச்சேரியில் ரேஷன் கார்டுக்கு ஐந்தாயிரம் கொடுத்தார்கள், எங்கள் தெருவில் பாதி வீட்டில் அந்தப் பணம் அந்த வாரத் தவணைக்கே போனது. வெள்ள நிவாரணம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள்.


கெடிலக்கரை:

இங்கேயும் அதேதான். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிக்கு இரண்டாயிரம் கொடுத்தார்கள், அந்த அக்கா வாங்கின அன்றைக்கே குழுவில் கட்டிவிட்டு ஈர அரிசியைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வில்லியனூர் தம்பி எழுதிய "நாலாவதாகக் கொடுத்தவன் இழக்கட்டும்" என்பதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார், அதில் அவருக்குச் சம்மதம். எனக்கு அரசாங்கம் செய்ய வேண்டும் என்பதில் இப்போது சந்தேகம் இல்லை, ஐந்து பவுன் கணக்கில் செய்தது போல மட்டும் செய்யக் கூடாது.

சரி, இதெல்லாம் நடக்கிற வரை அந்த அக்கா என்ன செய்வது? அடுத்த செவ்வாய் வருகிறது.


மஞ்சக்குப்பம் வக்கீல்:

முதலில் தைரியம் சொல்லுங்கள். கடன் கட்ட முடியாதது குற்றம் இல்லை, பணத்துக்கான தீர்ப்பு வந்தாலும் ஒரு பெண்ணை அதற்காகக் கைது செய்ய சிவில் சட்டமே இடம் கொடுக்காது. தாலி, சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, இதையெல்லாம் ஜப்தி செய்ய முடியாது.

ஆறு மணிக்குப் பிறகு வசூலுக்கு யார் வந்தாலும் போனில் நேரம் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதலில் அந்தந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும், லோன் கார்டிலேயே நம்பர் அச்சடித்திருக்கும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம், 14448 என்ற நம்பரில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். வருமானத்தில் பாதி விதியை மீறிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் புகாரில் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கும் போன் செய்யலாம். மனுக் கொடுத்தால் கம்பெனிக்காரர்களை வரவழைத்து, சமரசம் பேசித் தீர்க்கிற லோக் அதாலத்தில் தவணையைக் குறைத்து எழுதி வாங்கப் பார்க்கலாம். மூன்று லோன் கார்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். தண்டலுக்கு ரசீது இருக்காது, அதனால் என்றைக்கு எவ்வளவு கையில் வாங்கினார், இதுவரை எவ்வளவு கொடுத்தார், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டாரா என்று நினைவில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மகள் படித்த பிள்ளை, அவரை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். செவ்வாய்க்கு முன்னால் வந்துவிடுங்கள்.